ஒளியின் விலையும் ஆயத்தத்தின் விலையும்
மின்சாரச் சீர்திருத்தச் சட்டங்கள் குறித்து மலையகத்திலிருந்து ஒரு விமர்சன நோக்கு

சட்டமும் ஒரு பனுவலே. ஓர் இலக்கியப் பனுவலை அது கூறுவன கொண்டும் கூறாது விடுவன கொண்டும் மதிப்பிடுவது போன்று, ஒரு நாட்டின் வாழ்வை ஒழுங்கு செய்ய முனையும் சட்டத்தையும் அதன் சிந்தனை அடிப்படை கொண்டு மதிப்பிடுதல் தகும். இலங்கையின் மின்சாரத் துறையைக் கூறுகளாகப் பிரித்துப் போட்டிச் சந்தையை நோக்கி நகர்த்தும் எண்ணம் புதியதன்று. 2002 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் அதனை முன்வைத்தது; ஆயின் அச்சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைப் பிரிக்காமலே ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. பொருளாதார நெருக்கடியின் பின்னணியில் வந்த 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் பிறப்பாக்கம், செலுத்துகை, பகிர்ந்தளிப்பு என்பவற்றை வெவ்வேறு நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. 2025 ஆம் ஆண்டின் திருத்தம் அந்நிறுவனங்கள் அரசின் உடைமையாகவே இருத்தல் வேண்டும் என்றது.

இச்சட்டங்கள் பற்றி நம் நாட்டில் நிகழ்ந்த விவாதம் பெரும்பாலும் உடைமை பற்றியதாகவே அமைந்தது. அரசா, தனியாரா என்ற கேள்வி முக்கியமானதே. எனினும் அதனினும் அடிப்படையான கேள்வியொன்று உண்டு. நாளைக்கு வேண்டிய மின்பிறப்பாக்கும் ஆற்றல் போதிய அளவில் இருக்கும் என்பதற்குப் பொறுப்பாளி யார்? அப்பொறுப்புக்கு உரிய விலையை யார் கொடுப்பது? இவ்வினாவை நாட்டின் நீர்மின் பிறக்கும் இடமாகிய மலையகத்தில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போதுமை என்னும் கருத்து

மின்வலுப் போதுமை என்பது, மக்கள் மிகுதியாக மின்சாரம் கேட்கும் வேளையிலும் இயந்திரமொன்று பழுதுறினும் மழை பொய்ப்பினும் தேவையை நிறைவு செய்யத்தக்க நிலையங்களும் அவற்றை இயக்கும் நீரோ எரிபொருளோ கைவசம் இருத்தலைக் குறிக்கும். இலங்கையில் அவ்வுச்ச வேளை மாலை ஆறரை மணி தொடக்கம் இரவு பத்தரை மணி வரையிலானது. அந்நான்கு மணி நேரத்துக்காகவே நாடு சில நிலையங்களை வைத்திருக்க வேண்டியுள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் அவை வாளாவிருக்கும். வாளாவிருத்தலே அவற்றின் தொழில் எனலாம்.

இவ்விடத்துத் தேயிலையை ஒப்புநோக்குதல் பயனுடையது. 1883 முதல் கொழும்பில் நடந்துவரும் தேயிலை ஏலம் ஒரு சந்தையின் நல்ல எடுத்துக்காட்டு. விலை போதாதெனின் ஒரு தொகுதித் தேயிலையை விற்காது நிறுத்திவைத்து அடுத்த வாரம் மீண்டும் ஏலத்துக்கு விடலாம். பண்டசாலையில் அது காத்திருக்கும். மின்சாரத்துக்கு இத்தகைய பண்டசாலை மிக அரிது. ஒவ்வொரு கணத்திலும் வழங்கலும் கேள்வியும் சமமாதல் வேண்டும். தவறின் அந்தக் கடையில் மாத்திரம் சரக்கு இல்லை என்பதோடு நில்லாது, முழு வலையமைப்புமே சரியக்கூடும். மேலும், தேயிலை விலை ஏறின் வாங்குவோர் குறைத்து வாங்குவர். வீட்டுப் பாவனையாளர் அந்த மணித்தியாலத்து மின்சார விலையை அறியவே மாட்டார். அறியாத விலைக்கு அவர் எங்ஙனம் இணங்கி நடப்பார்? ஏலக்கூடத்து அறிவை மின்சாரத்துக்கு அப்படியே பொருத்துவது இதனாலேயே பொருந்தாமற் போகின்றது.

விடுபட்ட பணம்

போட்டிச் சந்தைக் கோட்பாடு கூறுவது இதுவாகும்: மின்சாரம் அரிதாகும் வேளையில் அதன் விலை மிக உயரும், அவ்வுயர்விலிருந்து கிடைக்கும் வருவாய், ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நிலையத்தின் முதலீட்டை மீட்டுக் கொடுக்கும், எனவே வேண்டிய நிலையங்கள் தாமாகவே எழும். தர்க்கத்தளவில் இதிற் பிழையில்லை. நடைமுறையில் இரு தடைகள் உள. அத்தகைய விலை உயர்வை எந்த அரசும் பொறுத்துக்கொள்ளாது, உச்சவரம்பு விதிக்கும். விதித்தவுடன் காத்திருக்கும் நிலையத்துக்கு வரவேண்டிய பணத்தின் ஒரு பகுதி வராமற் போகும். பொருளியலாளர் இதனை விடுபட்ட பணம் என்பர். மற்றது, பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அருமையை நம்பி முப்பதாண்டுக் கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வராது.

உலக அனுபவம் இவ்வையத்தை உறுதி செய்கின்றது. கலிபோர்னியாவில் 2000, 2001 ஆம் ஆண்டுகளில் மொத்த விலை கட்டவிழ்க்கப்பட்டு, சில்லறை விலை கட்டிவைக்கப்பட்டிருந்தது. உற்பத்தியாளர் சிலர் மின்சாரத்தைப் பதுக்கி விலையை ஏற்றினர். நகரங்கள் இருளில் ஆழ்ந்தன. அம்மாநிலத்தின் மிகப் பெரிய மின்விநியோகக் கம்பனி 2001 ஏப்பிரலில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. டெக்சாஸ் மாநிலம் பிறப்பாக்கப்பட்ட அலகுக்கு மாத்திரம் விலை கொடுக்கும் முறையைத் தூய வடிவிற் கைக்கொண்டது. 2021 பெப்ரவரியில் கடுங்குளிர் வந்தபோது ஆயிரம் அலகின் விலை உச்சவரம்பாகிய 9,000 டொலரைத் தொட்டது. ஆயினும் இயற்கை வாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்துவிட்டமையால் அந்த விலையைப் பெற்றுக்கொள்ள நிலையங்கள் இயங்கவில்லை. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். விலை அடையாளம் காட்டும். உறைந்த குழாயை அது உருக்காது.

ஆதலின் பல நாடுகள் மின்சாரத்துக்கு ஒரு விலையும் ஆயத்தத்துக்கு வேறொரு விலையும் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு வந்தன. பிரித்தானியா தன் முதற் சந்தையில் வைத்திருந்த ஆற்றற் கொடுப்பனவை 2001 இல் நீக்கியது. பின்னர் 2013 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஆற்றலுக்கென்றே தனி ஏலத்தை ஏற்படுத்திக்கொண்டது. சந்தையின் தாயகம் எனப்படும் நாடே இவ்வாறு திரும்பி வந்தமை சிந்தனைக்குரியது.

நீரை நம்பிய நாடுகள்

நமக்கு நெருங்கிய பாடம் இலத்தீன் அமெரிக்காவிலுள்ளது. கொலம்பியாவும் பிரேசிலும் நம்மைப் போன்றே நீர்மின்னைப் பெரிதும் நம்பியவை. 1992 இல் வறட்சியால் கொலம்பியா நீண்ட மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. அதன் பின்னர் சந்தையை அமைத்தபோதே ஆற்றலுக்குக் கொடுப்பனவு வைத்தது. 2006 இல் அதனையும் திருத்தி, உறுதி மின்சாரம் என்னும் அளவுகோலைக் கொண்டுவந்தது. மிக வறண்ட ஆண்டிலும் ஒரு நிலையம் எவ்வளவு மின்சாரத்தைத் தரவல்லது என்பதே அவ்வளவுகோல். அதற்கேற்பவே அந்நிலையம் கொடுப்பனவு பெறும். அருமைக் காலத்தில் முன்னரே குறித்த விலைக்கு மின்சாரத்தைக் கொடுக்கக் கடமைப்படும். 2015, 2016 ஆம் ஆண்டு வறட்சியில் கொலம்பியா மின்வெட்டின்றித் தப்பியது. எனினும் குறித்த விலை தமக்குக் கட்டுபடியாகவில்லை எனச் சில அனல்மின் நிலையத்தார் முரண்பட்டனர் என்பதையும் மறைத்தலாகாது. பிரேசில் 2001 இல் நுகர்வை ஐந்திலொரு பங்கு குறைக்குமாறு மக்களைப் பணிக்க நேர்ந்தது. 2004 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில், பகிர்ந்தளிப்போர் தம் எதிர்காலத் தேவை முழுவதற்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தல் வேண்டும் என்றும், அவ்வொப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உறுதி மின்சாரம் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

இவ்விரு நாடுகளும் கற்றுக்கொண்ட உண்மை ஒன்றே. இயந்திரத்தின் மெகாவாற்று அளவைக் கொண்டு போதுமையை அளக்க முடியாது. அணையில் நீர் இல்லாத மாதத்தில் அவ்வியந்திரம் வெறும் இரும்பு.

மலையகத்து அனுபவம்

இலங்கை இப்பாடத்தைப் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கையின் நீர்வலுப் பொருளியல் பற்றிய ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழும் விசையைக் கொண்டு நாட்டுக்கே மின்னூட்டலாம் என்பது அவர் காட்சி. குடியேற்ற அரசு அதனை நெடுங்காலம் இழுத்தடித்தது. லக்சபான நிலையம் 1950 இலேயே இயங்கத் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதன் பின்னர் 1965 இல் காசல்றீ நீரைக் கொண்டு விமலசுரேந்திர நிலையமும், 1969 இல் பொல்பிட்டியவும், 1974 இல் புதிய லக்சபானவும், 1983 இல் கனியனும் எழுந்தன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் அமிழ்ந்தது. வறட்சி கடுமையாகும் ஆண்டுகளில் நீர் வடிந்து, அந்நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளித்தெரியும். நாட்டின் மின்வலுப் போதுமைக்கு இதனினும் தெளிவான அளவுமானி வேறில்லை.

மலையகத்தின் மேற்குச் சரிவு மே தொடக்கம் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றால் நீர் பெறுவது. தைமுதல் சித்திரை வரை வறட்சி. ஏறக்குறைய முற்றாக நீரையே நம்பியிருந்த வலையமைப்பு 1996 இல் மழை பொய்த்தபோது நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை நின்றது. அதனைத் தொடர்ந்து வாடகை மின்பிறப்பாக்கிகளும் தனியார் அனல்மின் நிலையங்களும் வந்தன. இத்தனியாருக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் இரு கொடுப்பனவுகளைக் கொண்டிருந்தன. ஒன்று ஆயத்தமாக இருப்பதற்கு, மற்றது பிறப்பாக்கிய அலகுக்கு. ஓடாத இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பதா என்று அன்று எழுந்த கண்டனம் பாதியளவிலேயே நியாயமானது. ஆயத்தத்துக்குப் பணம் கொடுத்தல் தவறன்று. போட்டியின்றி, அவசர வேளையில், வேறு வழியற்ற நிலையிற் பேரம் பேசி அதிக விலை கொடுத்தலே தவறு. அவசரத்தில் வாங்கப்படும் போதுமை எப்போதும் விலை மிக்கது.

அரசுத் தனியுரிமையும் இவ்விடயத்திற் சிறப்புறவில்லை என்பதை நடுநிலையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நீண்டகாலப் பிறப்பாக்கத் திட்டங்கள் தீட்டப்பட்டன. அவற்றுட் பல கட்டப்படவில்லை. இந்தியாவுடன் சேர்ந்து சம்பூரில் அமைக்கவிருந்த 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் பத்தாண்டுப் பேச்சுவார்த்தையின் பின் 2016 இல் கைவிடப்பட்டது. நிலக்கரி வேண்டாம் என்பது நல்ல முடிவாகவே இருக்கலாம். அதனிடத்தை நிரப்புவது எது என்பது முடிவாகாது போனமையே குறை. 2013 க்குப் பின் 2022 வரை கட்டணம் உயர்த்தப்படாமல், சபையின் கடன் வளர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் நிறுவப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 4,000 மெகாவாற்று. உச்சக் கேள்வியோ 2,800 அளவிலானது. இயந்திரங்கள் இருந்தன. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. டெக்சாஸில் வாயு உறைந்தது. இலங்கையிற் கடன் உறைந்தது. பயன் ஒன்றே.

அம்மின்வெட்டின் பொருளைத் தேயிலைத் தொழிற்சாலை நன்கறியும். கொழுந்து வாட்டப்படுவதற்கு ஏறத்தாழ அரை நாளுக்கு மேல் விசிறிகள் ஓடவேண்டும். உருட்டிய இலை நொதித்தற்குரிய காலம் சில மணி நேரமே; உரிய வேளையில் உலர்த்தாவிடின் அன்றைய கொழுந்து முழுவதும் தரங்கெடும். டீசல் இயந்திரத்துக்கு டீசலும் கிடைக்காத அவ்வாரங்களில், பறித்த கொழுந்தின் பெறுமதியை நிர்ணயித்தது ஏலக்கூடமன்று; மின்வெட்டு அட்டவணையே.

சிற்றருவிகளின் சாட்சி

போட்டிச் சந்தை பற்றிய விவாதத்தில் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு சான்று மலையகத்திலேயே உண்டு. தேசிய வலையமைப்பு வருவதற்கு முன்னரே தோட்டத் தொழிற்சாலைகள் பல தம் எல்லைக்குட்பட்ட அருவிகளில் சிறு நீர்மின் இயந்திரங்களை வைத்திருந்தன. வலையமைப்பின் மின்சாரம் வந்தபின் அவை துருவேறின. 1990 களின் நடுப்பகுதி தொடக்கம் தனியார் பத்து மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையங்களை அமைத்து, நியம ஒப்பந்தத்தின் கீழ் மின்சாரம் விற்கலாயினர். ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் ஓடைகள் பல குழாய்களுக்குட் புகுந்தன.

இவ்வொப்பந்தங்கள் அலகுக்கு மாத்திரம் விலை கொடுப்பவை. முதலீடு வந்தது, நிலையங்கள் எழுந்தன, எரிபொருள் இறக்குமதியும் ஓரளவு குறைந்தது. அவ்வளவில் அது வெற்றியே. ஆயின் தேக்கமற்ற இந்நிலையங்கள் அனைத்தும் ஒரே மழையில் ஒருங்கே ஓடி, ஒரே வறட்சியில் ஒருங்கே ஓயும். பெருந்தேக்கங்கள் நிரம்பி வழியும் மாதத்தில் அவை அதிகம் தரும். பங்குனியில் நாடு கையேந்தும்போது அவற்றாற் கொடுக்க இயலாது. அலகுக்கு விலை கொடுத்தோம், அலகு கிடைத்தது. ஆயத்தத்துக்கு விலை கொடுக்கவில்லை, அது கிடைக்கவில்லை. இது தனியாரின் குற்றமன்று. ஒப்பந்தம் கேட்டதை அவர்கள் கொடுத்தனர்.

கூரைமேற் சூரிய மின்னும் இவ்வகையினதே. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், கேள்வி குறைந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில், சூரிய மின் மிகுந்திருந்த வேளை பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட தடை நாடு முழுவதையும் இருளாக்கியது. அடுத்த நாட்களில் நுரைச்சோலை இயந்திரங்கள் மீள இயங்கும்வரை இரவில் மின்வெட்டுத் தேவைப்பட்டது. பகலில் மிகுதியும் இரவிற் பற்றாக்குறையும் ஒரே வாரத்தில் தோன்றலாம் என்பதற்கு இதுவே சான்று.

சட்டத்தின் சிந்தனைக் குறை

இனிச் சட்டத்துக்கு வருவோம். துறையைப் பிரிக்கும்போது திட்டமிடும் பணி தேசிய அமைப்பியக்குநரிடம் செல்கின்றது. கட்டும் பணி பிறப்பாக்குவோரிடமும், பணம் அறவிடும் பணி பகிர்ந்தளிப்போரிடமும், விலையை ஒப்புக்கொள்ளும் பணி ஆணைக்குழுவிடமும் செல்கின்றன. ஒவ்வொருவரும் தம் கடமையைச் செவ்வனே செய்தும் நாடு இருளில் மூழ்கக்கூடிய ஏற்பாடு இது. பழைய சபையை நோக்கி, ‘ஏன் கட்டவில்லை?’ என்று கேட்பதற்கு ஒரு முகவரியாவது இருந்தது. பிரிப்பதால் வெளிப்படைத்தன்மை பெருகலாம். பொறுப்பு சிதறாதிருக்க வேண்டுமாயின் அதனைத் தனியே எழுதிவைத்தல் வேண்டும்.

நீரின் விலை பற்றிய சிக்கலும் உண்டு. அணையிலுள்ள நீர் இலவசமானது போலத் தோன்றும். உண்மையில் இன்று திறந்துவிடும் நீரின் விலை, நாளை அது இல்லாமையால் எரிக்கப்படப்போகும் டீசலின் விலையாகும். லக்சபானத் தொகுதியில் காசல்றீ நீர் விமலசுரேந்திர, பழைய லக்சபான, பொல்பிட்டிய ஆகிய நிலையங்களிலும், மவுசாக்கலை நீர் கனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய ஆகிய நிலையங்களிலும் அடுத்தடுத்து உழைக்கின்றது. மேலே ஒருவர் கதவைத் திறந்தாலன்றிக் கீழே ஒருவர் பிறப்பாக்க முடியாது. ஆதலின் இத்தொகுதியைப் போட்டியாளரிடையே பங்கிடுதல் பொருளற்றது. ஒருவரிடமே விடுவதாயின், அருமைக் காலத்தில் விலையைத் தீர்மானிக்கும் வலிமை அவரிடம் சேரும். அந்நிறுவனம் அரசுடைமையாயினும், இலாபக் கணக்குக் கேட்கப்படும் கம்பனியாக இயங்குமாயின், நீரைப் பிடித்துவைத்து விலை ஏற்றும் தூண்டுதலும், ஆண்டிறுதிக் கணக்கை அழகுபடுத்த நீரை முன்கூட்டியே செலவிடும் தூண்டுதலும் அதற்கும் உண்டு. நீர்த்தேக்க விதிகளைக் கம்பனியின் வணிக விருப்புக்கு விடாது, பகிரங்கமாக வகுத்தல் இதனால் இன்றியமையாததாகின்றது.

சட்டங்களின் பார்வைக்கு முற்றாகவே தப்பியது நீரேந்து பரப்பு. தேயிலைச் சரிவிலும் மரக்கறித் தோட்டத்திலும் அரிக்கப்படும் மண் அணையில் வந்து படிகின்றது. தேக்கத்தின் கொள்ளளவு குறையக் குறைய, நாட்டின் ஆயத்தமும் குறைகின்றது. மண்ணைக் காக்கும் தொழிலாளியின் உழைப்புக்கு மின்சாரக் கணக்கில் ஒரு சதமும் இல்லை. காசல்றீயையும் மவுசாக்கலையையும் சூழ்ந்த லயன்களிற் பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பது நம் வரலாறு. இணைப்புக் கிடைத்த பின்னரும், 2022 ஆகஸ்ட் கட்டண உயர்வில் விகிதாசாரப்படி மிகக் கூடிய பாரம் மாதம் முப்பது அலகுக்கும் குறைவாகப் பாவிப்போர் மீதே விழுந்தது. போதுமையின் விலையை அனைவரும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது உண்மை. குப்பி விளக்கிலிருந்து அண்மையில் விடுபட்டவர் அதனை முதலிற் கொடுக்க வேண்டும் என்பது எந்தப் பொருளியலிலும் இல்லை.

எதிர்வாதமும் முடிபும்

சீர்திருத்த ஆதரவாளர் கூறும் எதிர்வாதம் வலுவானது: அரசியல் தலையீட்டால் திட்டங்கள் முடங்கின; கட்டணம் செலவைத் தழுவவில்லை; மறைந்த மானியம் செல்வரையே சென்றடைந்தது; ஆதலின் போட்டி வேண்டும். நோயறிதல் சரியே. ஆயின் கூறப்பட்ட நோய் பொறுப்பின்மை. கொடுக்கப்படும் மருந்து பிரிப்பு. போட்டி மின்சாரத்தை மலிவாக்கலாம். ஆயத்தத்தைக் கேட்டுப் பெறாதவிடத்து, மலிவான ஆண்டுகளின் சேமிப்பை ஒரு வறண்ட பங்குனி விழுங்கிவிடும்.

எனவே எந்த உடைமை முறையின் கீழும் நான்கு நிபந்தனைகள் வேண்டப்படும். முதலாவது, வறண்ட ஆண்டின் உறுதி மின்சாரத்தைக் கொண்டே போதுமையை அளத்தல். இரண்டாவது, அவ்வளவுக்கு முன்கூட்டியே, போட்டி ஏலத்தின் மூலம், நீண்டகால ஒப்பந்தம் செய்தல். எரிபொருட் கையிருப்பையும் அதற்குரிய செலாவணியையும் அவ்வொப்பந்தத்தின் பகுதியாக்குதல். மூன்றாவது, ஒப்பந்தம் தவறின் பதில்சொல்ல வேண்டிய நிறுவனம் ஒன்றையே சட்டத்திற் பெயர் சுட்டுதல். நான்காவது, நீரேந்து பரப்பின் பாதுகாப்பைப் பிறப்பாக்கச் செலவின் பகுதியாகக் கொண்டு, அதனைக் காப்போருக்குக் கொடுத்தல்.

விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த கேள்வி, இம்மலையின் நீர் இந்நாட்டுக்கு எவ்வளவு வலுவைத் தரும் என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டது. நூற்றாண்டு கடந்து நம்முன் நிற்கும் கேள்வி, அவ்வலு வேண்டும் வேளையில் இருப்பதற்கு யார் பிணை என்பதாகும். அதற்கு விடை எழுதப்படும்வரை நம் மின்சாரச் சட்டங்கள் முற்றுப்பெறாத பனுவல்களாகவே இருக்கும்.